வருமானமும் வாகனமும்

1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்து ஓடத் தொடங்கிற்று. அதன் உரிமையாளரே அதனை ஓட்டியும் வந்தார். கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள்தாம் அவர். இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, அத்தகைய வண்டியைத் தாமும் அடைய வேண்டுமென்று கோவைக்கு வந்து, உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலை பார்த்துக் காசு சேர்த்து, வண்டியை விலைக்கு வாங்கினார் என்பது கொங்கு நாட்டில் பலரும் அறிந்த வரலாறு. வாங்கிய வண்டியை ஏறிச் சுற்றிக் காட்டுவதற்காக அவர் வைத்துக் கொள்ளவில்லை. அக்கக்காகக் கழற்றிப் பார்த்து இயந்திரத் தொழிலைக் கற்றார். பின்னர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அவர்களின் கடனுதவியோடு பேருந்து வாங்கினார். ஒன்றாயிருந்த பேருந்து பலவாகி, யு. எம். எஸ். என்ற பெயரோடு நேரந் தவறாமைக்குப் புகழ் பெற்றது.

அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவருடைய பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அப்பாலத்தின்மேல் விரையும் கார்களைக் காணும்போது நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நாயுடு அவர்கள் கடன் பட்டு வாங்கிய வண்டி, அக்கடனைத் தானே உழைத்து அடைத்தது. இன்று தவணையில் ஓடும் இவ்வண்டிகளின் கடனை அடைப்பது யார்? தந்தையின் சம்பளமா, தாயின் நகையா, மகளின் கல்லூரிக் கட்டணமா?

கொங்கு நாட்டாருக்கு வண்டிக் கணக்கு தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. நாமக்கல்லின் லாரித் தொழிலையும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளையும், கரூரில் பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளையும் அறியாதார் இலர். ஒரு லாரி வாங்கப் புகும் மனிதர், அது மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், டீசல் எவ்வளவு குடிக்கும், டயர் எத்தனை மாதம் தாங்கும், ஓட்டுநர் படி என்ன, சுங்கச் சாவடிக்கு எவ்வளவு போகும் என்று ஒரு பைசா விடாமல் கூட்டிப் பார்த்த பிறகே கையெழுத்திடுவார். அதே மனிதர், வீட்டுக்கென்று கார் வாங்கப் போகும்போது, நிறம் என்ன, பக்கத்து வீட்டுக்காரர் எது வாங்கினார் என்ற இரண்டோடு விசாரணையை முடித்துக் கொள்கிறார். உழைக்கும் வண்டிக்கு அவ்வளவு கணக்கு, உண்ணும் வண்டிக்கு ஒரு கணக்கும் இல்லை. விந்தைதான்.

நம் பெற்றோர் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சில கார்களே இருந்தன. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆலைத் தொழிலாளி சைக்கிளில் போனார், ஆசிரியரும் சைக்கிளில் போனார், மருத்துவரும் ஆலை முதலாளியும் காரில் போனார்கள். 1983 டிசம்பர் 14-ஆம் நாள் முதல் மாருதி 800 விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 48,000 ரூபாய். அன்றுதான் சம்பளக்காரக் குடும்பம் முதன்முதலாகக் காரைப் பற்றிக் கனவு காணத் துணிந்தது. இன்றோ கார் விற்கும் கூடத்திலேயே கடன் கொடுக்கும் வங்கியின் மேசையும் இருக்கிறது. காலையில் பார்க்கப் போனவர் மாலையில் கடனாளியாகித் திரும்ப முடிகிறது. அப்படியிருந்தும், 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் குடும்பங்கள் நூற்றில் ஏறக்குறைய எட்டில் மட்டுமே கார் உண்டு. ‘எல்லாரிடமும் இருக்கிறது, நம்மிடம்தான் இல்லை’ என்று பிள்ளைகள் சொன்னால், பெற்றோர் இந்த எண்ணை நினைவில் கொள்ளலாம்.

விற்பனைக் கூடத்தில் கேட்கப்படும் முதற் கேள்வி, ‘மாதம் எவ்வளவு கட்ட முடியும்?’ என்பது. இக்கேள்விக்கு உடனே விடை சொல்பவர் பாதி தோற்றுவிட்டார் என்றே நாம் கருதுகிறோம். ஏனெனில் தவணையைச் சிறிதாக்குவது மிக எளிது. ஆண்டுகளைக் கூட்டினால் போதும். ஆறு இலட்சம் ரூபாய்க் கடனை நூற்றுக்கு ஒன்பது வட்டியில் ஐந்தாண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 12,455 ரூபாய். மொத்த வட்டி 1,47,000 ரூபாய். அதையே ஏழாண்டாக நீட்டினால் தவணை 9,650 ரூபாயாகக் குறையும். வட்டி 2,10,000 ரூபாயைத் தாண்டும். மாதம் 2,800 ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்து வெளியே வருகிறவர், அறுபதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார். அது மட்டுமா? ஆறாம் ஆண்டில் வண்டி பழசாகிப் பழுது செலவு வைக்கத் தொடங்கும்போதும் தவணை தொடர்ந்து கொண்டிருக்கும்.

இனி முழுக் கணக்கைப் பார்ப்போம். கணவனும் மனைவியும் வேலைக்குச் சென்று, மாதம் 60,000 ரூபாய் கைக்கு வரும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் இரு பிள்ளைகள், உடன் வாழும் முதிய தாயார். எண்களை வாசகர்கள் தங்கள் நிலைக்கேற்ப மாற்றிக் கொள்ளலாம்.

காரின் விலை 7 இலட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் வரியின்படி, 5 முதல் 10 இலட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 விழுக்காடு. அதாவது 91,000 ரூபாய். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்றாண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் நடைமுறை. அதனோடு சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீடும் சேர்ந்து ஏறத்தாழ 35,000 ஆகிறது என்று வைப்போம். பதிவுச் செலவு முதலிய சில்லறைகளும் சேர, வண்டி சாலையில் இறங்கும்போது 8,30,000 ரூபாய் ஆகிவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது ஏழு. கையிலிருந்து 2,30,000 போட்டு, மீதி ஆறு இலட்சத்துக்கு ஐந்தாண்டுக் கடன். தவணை 12,455.

இத்துடன் நின்றுவிட்டால் நல்லது. வண்டி ஓட வேண்டுமே! மாதம் 800 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 5,000 ரூபாய். காப்பீட்டுக்கு முதலாண்டு போக மற்ற ஆண்டுகளில் கட்டுவதைச் சராசரியாக்கினால் மாதம் 1,000. பராமரிப்புக்கு 1,250. டயரும் பேட்டரியும் திடீரென்று ஒரு நாள் கேட்கும்; அதற்கென மாதம் 500 ஒதுக்க வேண்டும். சுங்கம், நிறுத்துமிடக் கட்டணம், கழுவுதல், எப்போதாவது ஓர் அபராதம் எல்லாம் சேர்ந்து 750. ஆக ஓட்டச் செலவு 8,500 ரூபாய். தவணையோடு சேர்த்தால் 21,000-க்குச் சற்றுக் குறைவு. அறுபதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! வீட்டு வாடகையைவிடவும், இரு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைவிடவும், தாயாரின் மருந்தைவிடவும் பெரிய செலவு வாசலில் நின்று வெயில் காய்கிறது.

வண்டியை விற்றால் பணம் திரும்பி வருமே என்பார்கள். வரும், ஆனால் எவ்வளவு? காப்பீட்டு நிறுவனங்கள் கையாளும் தேய்மான அட்டவணையே விடை சொல்கிறது. ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. ஐந்தாண்டு முடிவில் ஏழு இலட்சத்தில் பாதியான மூன்றரை இலட்சத்துக்கு வண்டி விலை போயிற்று என்றே கொள்வோம். அப்போதும் இந்த ஐந்தாண்டில் அக்குடும்பம் காருக்கென்று நிகரமாகச் செலவிட்டது ஏறத்தாழ 11,37,000 ரூபாய். ஓடிய 48,000 கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு 24 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இதே கார் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கும் உறவினர் வீட்டு விசேடங்களுக்கும் மட்டும் எடுக்கப்பட்டு, மாதம் 300 கிலோமீட்டரே ஓடினால், கிலோமீட்டருக்கு ஐம்பது ரூபாயைத் தாண்டிவிடும். கால் டாக்ஸிக்காரர் கேட்கும் கட்டணத்தை இதன் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். டாக்ஸி விலை அதிகம் என்று நாம் முகம் சுளிப்பது, அது கண்முன்னே காசாகக் கேட்கப்படுவதால்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்குச் சரக்கு-சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததும், பண்டிகைக் காலத்தில் விற்பனைக் கூடங்களில் கூட்டம் பெருகிற்று. விலை குறைந்தது உண்மை. ஓட்டச் செலவு குறையவில்லை.

நிற்க. இதுவரை சொன்னதெல்லாம் மாதந்தோறும் முதல் தேதி சம்பளம் தவறாது வரும் குடும்பத்துக்கு. நம் பகுதியில் எத்தனை வீடுகளின் வருமானம் அப்படிப்பட்டது? சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் வட்டாரங்களில் விசைத்தறியை நம்பி வாழும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கூலி உயர்வு கோரி 2022-இலும் 2025-இலும் அங்கே தறிகள் வாரக்கணக்கில் நின்றன. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் வெளிநாட்டு ஆர்டர் சுணங்கினால் சனிக்கிழமைச் சம்பளம் சுருங்குகிறது. உழவரோ மழையையும் தேங்காய் விலையையும் பார்த்துக் கொண்டிருக்கிறார். தறி நின்றால் கூலி நிற்கும், தவணை நிற்காது. வங்கி கணினிக்குத் தறிச் சத்தம் கேட்பதில்லை.

கொரோனாக் காலத்தில் தவணையை நிறுத்தி வைத்தார்களே என்று சிலர் நினைவூட்டக்கூடும். ஆம், 2020 மார்ச் முதல் ஆகஸ்டு முடிய ஆறு மாதம் தவணை கட்டுவதை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இடமளித்தது. ஆயினும் அம்மாதங்களுக்கு வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. கட்டாதவர் பின்னால் கூடுதலாகக் கட்டினார்.

ஆகவே வருமானம் எவ்வளவு என்று கணக்கிடும்போது நல்ல மாதத்தை எடுக்கக் கூடாது. கடந்த இரண்டாண்டில் மிகவும் மெலிந்த மூன்று மாதங்களைப் பார்த்து, அவற்றின் சராசரியையே ‘நம் வருமானம்’ என்று எழுத வேண்டும். தீபாவளி போனஸ், கிறிஸ்துமஸ் கால மிகைநேர ஊதியம், மகன் வெளிநாட்டிலிருந்து எப்போதேனும் அனுப்பும் பணம் ஆகியவற்றை இதில் சேர்க்கலாகாது.

அமெரிக்காவில் இதற்கொரு விதி சொல்கிறார்கள். விலையில் ஐந்தில் ஒரு பங்கையேனும் கையிலிருந்து போட வேண்டும். கடன் நான்காண்டுக்கு மிகக் கூடாது. தவணை, காப்பீடு, எரிபொருள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டையும் அப்படியே ஏற்கலாம். மூன்றாவது அவர்கள் ஊதியத்துக்கும் அவர்கள் விலைக்கும் பொருந்துவது. நம் கணக்கில் வரும் காருக்கு மாதம் 21,000 ஆகிறதென்றால், பத்து விழுக்காட்டு விதிப்படி இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பவரே அதனைத் தொட முடியும். அத்துணைக் கடுமை வேண்டாம் என்பது நம் எண்ணம். மெலிந்த மாத வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக் கொண்டால், அறுபதாயிரம் உள்ளவருக்குப் பத்தாயிரம். அதுவும் பிள்ளைகளின் கட்டணம், முதியோர் மருத்துவம், மருத்துவக் காப்பீடு, சீட்டு ஆகியவற்றை எடுத்து வைத்த பின்னும் பத்தாயிரம் மிஞ்சுகிறதா என்று பார்த்த பிறகே. முன்பணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டியிருந்தால் கணக்கை அங்கேயே மூடிவிடலாம். ஒரு கடனை வாங்குவதற்கு இன்னொரு கடனா?

இவ்வளவு எளிய கணக்கை ஏன் போட மறுக்கிறோம்? காரைப் பயணத்துக்காக மட்டும் நாம் வாங்குவதில்லை என்பதே காரணம். இதற்குச் சான்று டாட்டா நானோ. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்து செல்லும் குடும்பத்துக்குப் பாதுகாப்பான வண்டி வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு ரத்தன் டாட்டா அவர்கள் 2008 ஜனவரியில் அதனை அறிமுகப்படுத்தினார். விலை ஓர் இலட்சம் ரூபாய் என்று உலகமே பேசிற்று. 2018-இல் உற்பத்தி நின்று போயிற்று. தொழிற்சாலையை வங்கத்திலிருந்து குஜராத்துக்கு மாற்றியது, சில வண்டிகள் தீப்பிடித்தது முதலிய காரணங்களும் உண்டு. எனினும், மிக மலிவான கார் என்று அதனை விளம்பரம் செய்ததே தவறாயிற்று என்று டாட்டா அவர்களே பின்னர் சொன்னார். மலிவானது என்று ஊரார் அறிந்த வண்டியை வாசலில் நிறுத்த மக்கள் விரும்பவில்லை. ஸ்கூட்டரில் நனைவதே மேல் என்று எண்ணினர் போலும்!

இந்த மனப்பான்மை திருமண வீட்டில்தான் மிகக் கொடிதாகிறது. ‘மாப்பிள்ளைக்கு ஒரு கார்’ என்பது சீர் வரிசைப் பட்டியலில் இயல்பாக இடம் பெற்றுவிட்டது. கேட்டு வாங்குவது 1961-ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டப்படி குற்றம். கேட்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள் என்று சொல்லிக் கொள்பவர்களும், பெண்ணின் தந்தை அதற்கு எங்கே கடன் பட்டார் என்று விசாரிப்பதில்லை. ஓய்வு பெறும் வயதிலுள்ள ஒரு தந்தை ஐந்தாண்டுத் தவணையைத் தலையில் ஏற்றிக் கொள்ள, அவர் மகளுக்கு வந்த காரின் பெட்ரோலும் காப்பீடும் புதுக்குடும்பத்தின் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே தொடங்குகின்றன. இரு வீடுகளையும் ஒரே வண்டி உண்கிறது. நம் பங்குகளில் திருமணத் தயாரிப்பு வகுப்புகள் நடைபெறுகின்றன. அங்கே ஒரு மணி நேரம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் என்ன?

திருத்தந்தை ஆறாம் பவுல் 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்தபோது, அவருடைய பயன்பாட்டுக்கென ஒரு லிங்கன் கார் அளிக்கப்பட்டது. திரும்பும்போது அதனை அவர் அன்னை தெரேசாவுக்குக் கொடுத்துச் சென்றார். அன்னை அதில் ஏறவில்லை. குலுக்கல் சீட்டு நடத்தி, காரின் விலையைவிடப் பன்மடங்கு பணம் திரட்டித் தொழுநோயாளர் குடியிருப்புக்குச் செலவிட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூலையில் குருமாணவரையும் துறவற இளையோரையும் சந்தித்தபோது, வேலைக்குக் கார் தேவையே என்று ஒப்புக்கொண்டு, எளிய காரைத் தேர்ந்து கொள்ளுங்கள் என்றார். தேவையை அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாமும் மறுக்கவில்லை. வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் முதியவர் உள்ள வீடு, இரவுப் பணி முடிந்து பேருந்தில்லாத ஊருக்குத் திரும்ப வேண்டிய செவிலியர், நடக்க இயலாத குழந்தையின் பெற்றோர் ஆகியோருக்கு முன்னே ஆறில் ஒரு பங்கு என்று விதி பேசுவது அறிவீனம். அவர்கள் வேறு செலவைக் குறைத்தாவது வண்டி வைத்துக் கொள்ளத்தான் வேண்டும். பேருந்து வசதி நன்றாயிருக்கும் நகரவாசிகளின் நிலை வேறு. 1972-இல் சேரன் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து கோவையின் நகரப் பேருந்துகள் நம் குடும்பங்களைச் சுமந்து வந்திருக்கின்றன. 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிமுகமான பிறகு, பல வீடுகளின் மாதச் செலவில் ஒரு வரியே அழிந்து போயிற்று.

கார் வேண்டும், ஆனால் பத்தாயிரமே உண்டு என்பவருக்கு நாம் சொல்லக் கூடியது பழைய கார். முதல் உரிமையாளர் பெருந்தேய்மானத்தை ஏற்றுக் கொண்ட பின், ஐந்தாறு ஆண்டு ஓடிய வண்டியைக் கடனின்றி வாங்கினால், மேற்சொன்ன 8,500 ரூபாய் ஓட்டச் செலவோடு பழுதுக்கென ஆயிரத்தைந்நூறு சேர்த்து எல்லைக்குள் அடங்கும். வாங்குமுன் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று காட்ட வேண்டும். பதிவுச் சான்றில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றோடு படிவம் 35 பெற்று அதனை நீக்கச் செய்ய வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. காப்பீட்டைப் பதினான்கு நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கோராவிட்டால், விபத்து நேர்ந்தால் தம் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கிட்டாமற் போகலாம். தெரிந்தவர்தானே என்று வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக் கொண்டு வண்டியை ஓட்டி வருவது நம் ஊர்களில் மிகுதி.

புதிய கார்தான் வேண்டும் என்று குடும்பம் கூடி முடிவு செய்தால், வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கணவன் மட்டும் கூடிச் செய்வதன்று. வீட்டுச் செலவை நடத்துபவர் மனைவி, அவர் கையில்தான் இது தெளிவாகும். வங்கியில் ஆறு மாதத்துக்குத் தொடர் வைப்புக் கணக்கொன்று தொடங்கி, தவணையும் ஓட்டச் செலவும் சேர்ந்த தொகையை, நம் கணக்கில் 21,000 ரூபாயை, மாதந் தவறாமல் அதில் கட்டி வர வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதம் அந்த ஆறில் ஒன்றாக இருப்பது நல்லது. மூன்றாம் மாதம் மளிகைக் கடையில் கடன் சொல்ல நேர்ந்தால் விடை கிடைத்துவிட்டது; பணமும் பத்திரமாக இருக்கிறது. ஒரு மாதமும் தவறாமல் கட்டி முடித்தால் 1,26,000 ரூபாயும் அதன் வட்டியும் கையில் இருக்கும். அதனை முன்பணத்தோடு சேர்த்தால் கடன் ஆறு இலட்சத்திலிருந்து ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும்.